ஜீவனிக்கு எத்தனை பிறந்த ஊர்?

ஜீவனி என்ற மருந்து எங்கே பிறந்தது? கேரளத்தின் பாலோட்டில் இருக்கும் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சியாளர்களைக் கேட்டால் எங்கள் கூடத்தில் என்பார்கள். அதற்கு முன்பே ஜம்முவில் ஒரு கூடத்தில் அதன் மூலச் செடியின் விதையை அரைத்துச் சோதித்திருக்கிறார்கள். அதைப் பொதியில் அடைத்துச் சந்தைக்கு அனுப்பியது கோயம்புத்தூர் நிறுவனம். அகத்தியமலைப் பழங்குடியினரான காணிக்காரர்களுக்கோ அது பிறந்ததே இல்லை, எப்போதும் இருந்தது. என் கணக்கில் இந்த நான்கு பதில்களும் சரி. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் பிறந்தது வேறு வேறு பொருள். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லத் தோன்றுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் வந்தால் வித்துரா. அங்கிருந்து ஒரு பாதை பொன்முடிக்கு ஏறுகிறது. இன்னொன்று போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் அங்கேதான் நடையைத் தொடங்குவார்கள். 1868 மீட்டர் உயரச் சிகரம் அது. அதன் அந்தப் பக்கம் நம்முடைய பாபநாசம். மலையின் இரு சரிவிலும் காணிக்காரர் குடியிருப்புகள் உண்டு. கிழக்கே பாபநாசம், தெற்கே பேச்சிப்பாறை, மேற்கே குற்றிச்சல், வித்துரா, பெரிங்ஙம்மல ஊராட்சிகள். மாநில எல்லை மலையின் முதுகில் ஓடினாலும் அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன.

1987 டிசம்பரில் இந்த மலையில் ஒரு குழு ஏறியது. மத்திய அரசு 1982-இல் தொடங்கிய அகில இந்தியப் பழங்குடித் தாவர அறிவுத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள். தலைவர் பி. புஷ்பாங்கதன், உடன் எஸ். ராஜசேகரன். வழிகாட்டிகளாகக் காணிக்காரர்கள் சிலர் வந்தார்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் பிறகு உலக மாநாட்டு ஆவணங்கள் வரை போய்விட்டன. ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு நாக்கு தள்ளியது. வழிகாட்டிகளோ சோறு இல்லாமலே சிறிய பழங்களை அவ்வப்போது வாயில் போட்டு மென்றுகொண்டு அலட்டல் இல்லாமல் நடந்தார்கள். கொஞ்சம் இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் உடம்பில் தெம்பு வந்தது என்று புஷ்பாங்கதன் பிறகு எழுதினார். என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. அது குடிக்குள் வைத்திருக்கும் அறிவு, வெளியாருக்குச் சொல்வதில்லை. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று பல முறை சொல்லி வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை.

மருந்துகள் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்படுகின்றன என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே கண்டுபிடிப்பு என்று ஒன்று இருந்தால் அது இந்த வற்புறுத்தல்தான். அந்தக் காட்டில் செடிகளுக்குக் குறைவில்லை. இதை மட்டும் பார் என்று ஒருவர் விரல் நீட்டாமல் இருந்திருந்தால் எந்தக் கருவியும் அதைத் தேடிப் போயிருக்காது.

இத்தனைக்கும் தாவரவியலுக்கு அது புதுச் செடி அல்ல. 1788-இல் ஜெர்மானியரான யோசப் கெர்ட்னர் இலங்கையிலிருந்து வந்த மாதிரியை வைத்து அதற்கு ட்ரைக்கோபஸ் சைலானிக்கஸ் என்று பெயர் வைத்துவிட்டார். அவர் எழுதியது பழங்களையும் விதைகளையும் பற்றிய பெரிய நூல். ஆகவே அந்தப் பழத்தை அறுத்துப் பார்த்து வருணித்திருக்கிறார். தின்றால் என்ன ஆகும் என்று சொல்ல அவர் பக்கத்தில் ஆள் இல்லை. நிழலில், ஈரத்தில், ஓடைக்கரையில் வளரும் குட்டைச் செடி. இலை இதய வடிவம், சில இடங்களில் முக்கோணம். உறவு என்று பார்த்தால் நம் ராசவள்ளிக் கிழங்கின் குடும்பம். கிழங்குக் குடும்பத்தில் பிறந்தும் கிழங்குக்காக இல்லாமல் பழத்துக்காகப் பெயர் வாங்கிய செடி.

அடுத்தது ஜம்மு. அங்கிருந்த மண்டல ஆராய்ச்சிக் கூடத்துக்கு விதைகள் போயின. காட்டில் எழுந்த கேள்வி இது: சோறு இல்லாமல் ஏற்றம் ஏறும் மனிதன் ஏன் தளரவில்லை? இதை அப்படியே கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. ஆகவே எலியிடம் கேட்டார்கள். எலியைத் தண்ணீரில் விட்டு, அது களைத்து நீந்த முடியாமல் போகும்வரை நேரம் பார்ப்பது களைப்பு ஆராய்ச்சியில் பழைய முறை. சாறு கொடுத்த எலி அதிக நேரம் நீந்தினால் களைப்பு எதிர்ப்பு உண்டு. 1988, 1989-இல் வந்த ஆரம்பக் கட்டுரைகள் இந்தச் செடியைக் கேரளத்து ஜின்செங் என்றே அழைத்தன. கொரியர்களின் வேர் உலகச் சந்தையில் நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டத்தில் வியாபாரக் கனவும் கலந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். விதையின் வீரியப் பகுதியில் கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த கூட்டுப்பொருள்கள் இருப்பதாக வேதியியலாளர்கள் சொன்னார்கள்.

புஷ்பாங்கதன் பாலோட்டுத் தோட்டத்தின் இயக்குநராக வந்ததும் ஆராய்ச்சியும் செடியின் ஊருக்குத் திரும்பியது. 1979-இல் கேரள அரசு தொடங்கிய அந்தத் தோட்டம் வித்துராவுக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. பழமும் விதையும் போய் இலை வந்தது. சிறு செடியின் பழத்தை நம்பி மருந்து ஆலை நடத்த முடியாது. இலையில் களைப்பு நீக்கும் குணம் இருக்கிறது என்று எலிகளில் காட்டினார்கள். ஈரலைக் காக்கும் குணமும் உண்டு என்று 1990-களில் கட்டுரைகள் வந்தன. காணிக்காரர்கள் தின்றது பழம், ஜம்மு சோதித்தது விதை, மருந்தானது இலை. ஒரே செடிதானே என்று சொல்லிவிடலாம். வேதியியல் அப்படிச் சொல்லாது.

இலை மட்டும் மருந்தாகிவிடவில்லை. அதனுடன் இன்னும் மூன்று சேர்ந்தன: அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி. மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் தலைமுறைகளாகக் கட்டித் தொங்குகிற சரக்குகள். காணிக்காரர்களின் செடிக்கும் ஆயுர்வேதத்தின் அமுக்கரா வேருக்கும் அதுவரை அறிமுகமே இல்லை. பாலோட்டு மேசையில்தான் சந்தித்தன. அந்த வகையில் ஜீவனிக்குப் பிறந்த ஊர் பாலோடுதான்.

அமுக்கராவைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டில் வேர் அது. ஒரு வேரைக் கூடத்தில் ஆராய்வது எப்படி? காயவைத்து இடித்த பொடியைச் சாக்ஸ்லெட் குடுவையில் போடுவார்கள். பிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் அதை 1879-இல் உருவாக்கியது பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்க. இன்று உலகத்து மூலிகைக் கூடங்கள் எல்லாவற்றிலும் அது கொதித்துக்கொண்டிருக்கிறது. கீழே கரைப்பான் ஆவியாகி மேலே குளிர்ந்து பொடியின் மேல் சொட்டி, சாற்றைக் கழுவிக்கொண்டு கீழே வழிகிறது. திரும்பத் திரும்ப. ஹெக்சேன் ஊற்றினால் கொழுப்புகள் வரும். மெத்தனால் ஊற்றினால் பாலிபீனால் வகைகள் வரும். ஆகவே வேரின் சாறு என்று ஒன்று கிடையாது, மெத்தனால் சாறு, தண்ணீர்ச் சாறு என்றுதான் உண்டு. கட்டுரைகளில் இந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படிப்பவர்கள் ஏராளம்.

சாறு கிடைத்தபின் பிரிப்பு. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் 1903-இல் இலைச் சாயங்களைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் ஊற்றி வண்ண வண்ண வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். இன்றைய மெல்லடுக்குத் தகடும் உயர் அழுத்தக் கருவியும் அந்தக் குழாயின் பேரப்பிள்ளைகள். அமுக்கராவில் வித்தாஃபெரின் ஏ என்ற பொருளின் உருவத்தை 1965-இல் இஸ்ரேலில் சொன்னார்கள். ஒரு விசித்திரம், அது வேரைவிட இலையில்தான் கூடுதல். நம் மரபு வேரைத் தோண்டச் சொன்னது, சந்தையில் சிலர் மலிவான இலையைக் கலந்து எடையை ஏற்றினார்கள். 2021-இல் ஆயுஷ் அமைச்சகமே இலையைப் பயன்படுத்தவேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. தகட்டில் விழும் புள்ளிகளின் வரிசையைப் பார்த்து இது வேர், இது கலப்படம் என்று சொல்லிவிடலாம். வேதியியல் பகுப்பாய்வு நோயைக் குணமாக்குமோ இல்லையோ, கடைக்காரனைப் பிடிக்கும். அதன் மிகப் பயனுள்ள வேலை அதுதான் என்பது என் கட்சி.

அடுத்து வந்தது ஆன்டி-ஆக்சிடன்ட் காலம். ஆரோக்கியப்பச்சையும் அதற்குள் போனது. 2005-இல் அமெரிக்காவில் ஒரு குழு அதன் சாற்றைச் சோதித்து, அது தனி எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகளை அடக்குகிறது, கொழுப்பு கெடுவதைத் தடுக்கிறது, களைப்பு நீக்கும் குணத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதியது. அவர்கள் பயன்படுத்திய சோதனைகளில் ஒன்று டிபிபிஎச். இன்று நம் கல்லூரிகளில் மூலிகை வேரோ இலையோ கையில் எடுக்கும் மாணவர் முதலில் தொடும் புட்டி அது.

அந்தப் புட்டிக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. ஜோடி சேராத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகள் பெரும்பாலும் பிறந்த கணத்திலேயே எதையாவது தாக்கி மறைந்துவிடும். 1900-இல் மோசஸ் கோம்பெர்க் மிச்சிகனில் அப்படி ஒன்று நிலைத்து நிற்பதைக் கண்டபோது பலர் நம்பவில்லை. 1922-இல் ஜெர்மனியில் கோல்ட்ஷ்மிட், ரென் இருவரும் செய்த பொருள்தான் டிபிபிஎச், புட்டியில் தூளாக அடைத்து வைக்கலாம் என்ற அளவுக்குச் சாது. மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா. ஹைட்ரஜன் கொடுக்கும் ஏதாவது அதில் விழுந்தால் எலக்ட்ரானுக்கு ஜோடி கிடைத்து ஊதா வெளுத்து வெளிர் மஞ்சளாகிவிடும். 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கக் கட்டுரையில் இதை அளவுகோலாக்கினார். முப்பது நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளுத்தது என்று பார்ப்பது வழக்கமாயிற்று. பாதி நிறத்தை அழிக்க எத்தனை மைக்ரோகிராம் சாறு வேண்டும் என்பது விடை. எண் சிறியதாக இருந்தால் சாறு வீரியமானது. பக்கத்தில் ஒப்பிட வைட்டமின் சி. செலவு குறைவு, ஒரு மதியத்தில் முடியும், எண் கட்டாயம் கிடைக்கும். ஆய்வேட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நம் உடம்பில் டிபிபிஎச் இல்லை, மெத்தனாலும் இல்லை. பாலிபீனால் உள்ள எதுவும் இந்தத் தேர்வில் தேறும், காலையில் குடிக்கிற தேநீரும் காப்பியும் உட்பட. வேரையும் இலையையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் பொதுவாக இலைக்கே நல்ல எண் வரும். ஊதா நிறத்திடம் மட்டும் கேட்டு முடிவெடுத்தால் அமுக்கராவில் மரபு சொன்ன வேரை விட்டுவிட்டுக் கலப்படக்காரனின் பக்கம் போய் நிற்போம்.

உலகமும் இதை விலை கொடுத்துத்தான் கற்றது. பீட்டா கரோட்டின் நல்ல ஆன்டி-ஆக்சிடன்ட், ஆகவே புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று எண்ணி ஃபின்லாந்தில் 29,133 ஆண்களை வைத்து ஆய்வு நடந்தது. 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். உணவுப் பொருள்களின் ஆன்டி-ஆக்சிடன்ட் மதிப்பெண் பட்டியலை வெளியிட்டு வந்த அமெரிக்க வேளாண் துறை, அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று 2012-இல் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது.

பசித்து நடக்கும் மனிதனைப் பற்றிய கேள்வி நீந்தும் எலியைப் பற்றியதாகச் சுருங்கி, பிறகு வெளுக்கும் சாயத்தைப் பற்றியதாக இன்னும் சுருங்கியது. ஒவ்வொரு படியிலும் விடை துல்லியமாகிக்கொண்டே போனது. கேள்வி கைநழுவிக்கொண்டே போனது. சோதனைகளைக் குறை சொல்லவில்லை. காணிக்காரர் சொன்னதை ஆய்வுக்கூடம் மெய்ப்பித்துவிட்டது என்று எழுதுகிறவர்களைச் சொல்கிறேன். பழத்தைத் தின்று மலை ஏறினால் என்ன ஆகும் என்பதை எந்தச் சாயமும் அளக்கவில்லை.

இனிப் பணம். 1995 நவம்பரில் பாலோட்டு நிறுவனம் ஜீவனி தயாரிக்கும் உரிமையை ஆர்ய வைத்ய பார்மசி (கோயம்புத்தூர்) நிறுவனத்துக்கு ஏழு ஆண்டுகளுக்குக் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. உயிரியல் பன்மைக்கான ஒப்பந்தத்தில் நாடுகள் ரியோவில் கையெழுத்திட்டு அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பழங்குடி அறிவில் பிறந்த லாபத்தைப் பங்கிடவேண்டும் என்று அதில் எழுதியிருந்ததே தவிர, எப்படி என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் அதற்கான சட்டம் வந்தது 2002-இல்தான். பாலோட்டுக்காரர்கள் சட்டத்துக்கு முன்பே செய்து பார்த்தார்கள், அந்தப் பெருமையை மறுக்கமுடியாது. பணத்தை வாங்க ஓர் அமைப்பு வேண்டுமே என்று 1997 நவம்பரில் கேரளக் காணி சமுதாய க்ஷேம அறக்கட்டளை பதிவானது. 1999 பிப்ரவரியில் முதல் தவணையாகச் சுமார் 5.19 லட்சம் ரூபாய் அதன் கணக்குக்குப் போனது. 2002-இல் ஐக்கிய நாடுகளின் ஈக்வேட்டர் பரிசும் வந்தது. இந்தப் பங்கீடு உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் முன்மாதிரியாக ஏறியது.

பாடப்புத்தகத்தில் சிறு எழுத்தில் வருவது வித்துரா. விஞ்ஞானிகளுடன் நடந்தவர்களும் அறக்கட்டளையின் தொடக்க உறுப்பினர்களும் பெரும்பாலும் குற்றிச்சல் பகுதிக் காணிக்காரர்கள். வித்துரா, பெரிங்ஙம்மல பக்கத்துக் குடியிருப்புகளில் எங்களை யார் கேட்டார்கள் என்ற குரல் எழுந்தது. 1995 செப்டம்பரில், அதாவது உரிமை கைமாறுவதற்கு முன்பே, காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் ஒன்பது பேர் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள், எங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்காதீர்கள் என்று. மருத்துவ அறிவு மரபுப்படி அவர்களிடம் இருப்பது. செடியைக் காட்டிய வழிகாட்டிகள் பிலாத்திகள் அல்ல. சொல்ல உரிமை உள்ளவர் யார் என்ற கேள்வியை எந்த ஒப்பந்தமும் கேட்டுக்கொள்ளவில்லை. குழுவின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. காட்டில் எதிர்ப்பட்டவர்களையே ஒரு சமூகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வனத்துறையும் குறுக்கே வந்தது. பழங்குடி வளர்ச்சித் திட்டத்தின் கீழ் ஐம்பது குடும்பங்களைக் கொண்டு செடியை வளர்த்துப் பார்த்தார்கள். காட்டின் நிழலுக்கு வெளியே வளர்த்த செடியில் வீரியம் குறைகிறது என்று சொன்னார்கள், ஆகவே காட்டுக்குள்ளேயே பயிரிடவேண்டும். இலையைக் கிள்ளினால் செடி பிழைக்கும். அவசரக்காரன் வேரோடு பிடுங்குவான். விலை கிடைக்கும் என்று தெரிந்ததும் பிடுங்கத்தான் செய்தார்கள். அரிய செடி என்று வனத்துறை அறுவடைக்கு அனுமதி மறுத்தது. ஆலைக்கு இலை வருவது தடுமாறியது. இதற்கிடையே அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜீவனி என்ற பெயரையே அங்கே வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. பாலோட்டுக்காரர்கள் தயாரிப்பு முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டிருந்தார்கள், பெயரை வெளிநாட்டில் காப்பாற்ற யாரும் நினைக்கவில்லை.

செடியின் கதை அத்துடன் நிற்கவில்லை. வித்துராவில் இப்போது இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய நிறுவனம். அந்த மலையடிவாரத்துக்கு மூலக்கூறுகளின் மொழி தெரிந்தவர்கள் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டார்கள். 2019-இல் ஆரோக்கியப்பச்சையின் முழு மரபணுத் தொகுப்பின் வரைவு வெளியானது. அந்தத் தரவைப் பதிவிறக்க மலை ஏற வேண்டாம், சாக்ஸ்லெட் வேண்டாம், ஒரு காணிக்காரரையும் வற்புறுத்த வேண்டாம். செடியையே தொடாமல் அதன் வரிசையை எழுத்துகளாக எடுத்து வேறு நாட்டில் ஈஸ்ட்டில் ஏற்றி மருந்து செய்கிறவரிடம் பங்கு கேட்க 1995-இன் ஒப்பந்தம் போதாது.

இதைப் பற்றித்தான் நாடுகள் பல ஆண்டுகள் சண்டையிட்டன. 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உயிரியல் பன்மை மாநாட்டில் ஒரு நிதியம் அமைப்பதென முடிவானது. மரபணுத் தரவில் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருவாயில் 0.1 சதவீதம் அதில் போடவேண்டும் என்பது எதிர்பார்ப்பு, கட்டாயம் இல்லை. சேரும் தொகையில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போகவேண்டுமாம். பாலோட்டுக்காரர்கள் 29 ஆண்டுகளுக்கு முன் போட்ட கணக்கும் பாதிதான். அந்தப் பாதியை வித்துராவில் யார் கையில் கொடுப்பது என்பதற்குக் காலியிலும் விடை எழுதப்படவில்லை.